வியாழக்கிழமை இறங்கும் என்று நான் சொன்ன காய்ச்சல்

பூம்பாறைக்குப் போகிற வழியில், ரோட்டுக்குக் கீழே தெரிகிற பதினெட்டு அடுக்கு உருளைக்கிழங்குப் பாத்தியும் நான் கட்டியது. அதில் உள்ள கல் ஒவ்வொன்றும் என் தோள் ஏறி வந்தது. முன்பு அது ஆடு கூட நிற்கத் தயங்குகிற பாறைச் சரிவு. விதைக்கிழங்கு அழுகாமல் இருக்க, அந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் காற்றோட்டக் கொட்டகை போட்டவன் நான். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற முடியாது என்று ஓர் ஓவர்சியர் பேப்பரில் எழுதியே கொடுத்தார். ஏற்றினேன். நாயுடுபுரத்தில் தகரக் கூரை போட்ட வீடு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிழங்கு இறக்க ஒரு லாரி, மலையைச் சுற்ற ஒரு ஜீப். இத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது. வத்தலக்குண்டிலிருந்து தலைச்சுமையோடு மலை ஏறிய நாளில் என்னிடம் மாற்று வேட்டி கிடையாது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தூக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு கண்ணாடிக் குழாய். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரை கொடுத்த தெர்மாமீட்டர். உருளைக்கிழங்குச் செடிக்கு எமன் உறைபனி. மார்கழியிலோ தையிலோ ஒரு நாள் விடியும்போது வயல் வெள்ளையாகக் கிடந்தால் போதும், உச்சி வெயிலுக்குள் செடியெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துப்போகும். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், சாமியாடியிடம் கேட்டார்கள். நான் அந்தக் குழாயைப் பள்ளத்துப் பாத்தியில் ஒரு கம்பத்தில் கட்டினேன். மாலை ஆறு மணிக்கு அதில் என்ன எண் நிற்கிறது, மறுநாள் பனி விழுந்ததா என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதினேன். மூன்று வருஷம் விடாமல் எழுதினேன். நாலாம் வருஷம் விடை தெரிந்துவிட்டது. மாலையில் நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே நின்று, மேகமும் காற்றும் இல்லை என்றால் விடியலில் பனி. அந்த வருஷம் ஊரே கருகியபோது, பனி இறங்காமல் இரவெல்லாம் புகை போட்டு வைத்த என் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. அதற்குப் பிறகு பொன்னையா கணக்கு என்றால் மலையில் மறுபேச்சு கிடையாது. பந்தல்காரனுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் மழை வருமா என்று என்னிடம் ஆள் அனுப்பினார்கள்.

பெருமைதான் அடித்துக்கொள்கிறேன். இனிமேல் எழுதப்போவதில் அதற்கு இடமிருக்காது என்பதால் முதலிலேயே அடித்துக்கொண்டேன்.

நயா பைசா வந்த மறுவருஷம் ஆடி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. தலை பிளக்கிற வலி, வாயில் கசப்பு, சோற்று வாசனையே ஆகவில்லை. நான் பயப்படவில்லை. நோட்டை எடுத்தேன். காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்று எழுதினேன். ஒவ்வொரு மாலையும் முந்தின மாலையைவிட ஒரு டிகிரி கூடிக்கொண்டே போனது, நான் கட்டிய பாத்தி அடுக்கைப் போல. அதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் கூட வந்தது.

என் மனைவி செல்லம்மாள் ஈரத்துணியை என் நெற்றியில் போட்டுவிட்டு நோட்டைப் பிடுங்கினாள்.

“நம்பரு எழுதினா காச்ச போயிருமா? கெளம்புங்க ஆசுபத்திரிக்கு.”

“ரெண்டு நாள் பொறு. தெனம் ஒண்ணு ஏறுது. எங்க போய் நிக்குதுன்னு பாப்போம்.”

“எங்க போய் நிக்கும்? உங்க தலைமாட்டுல நான் மூக்கச் சிந்திக்கிட்டு நிப்பேன். அங்கதான் போய் நிக்கும்.”

ஏழாவது நாள் என் ஜீப்பிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சாரல் மழை. பெஞ்சு முழுக்க ஈரக் கம்பளி வாசனையோடு ஆட்கள். குழந்தைக்கு இருமல், கிழவனுக்கு மூச்சு, ஒருத்திக்குக் கையில் அரிவாள் வெட்டு. என் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் என்னிடம் வந்த ஒரே ஆள் அங்கே ஆயா வேலை பார்த்த சூசையம்மாள். ஐம்பது வயது இருக்கும், காதில் சின்னத் தோடு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கேட்காமலே குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் நெற்றியைத் தொட்டார்.

“மேலெல்லாம் அனலாக் கெடக்கு, காலு மட்டும் சில்லுன்னு இருக்கு. கம்பளி கொண்டாரேன், இருங்க முதலாளி.”

காய்ச்சல் பார்க்கிறவள் காலைத் தொட்டுப் பார்க்கிறாளே, இது என்ன வைத்தியம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. செல்லம்மாளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். ஆனாலும் கம்பளி வந்ததும் போர்த்திக்கொண்டேன்.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதட்டாமல் பேசுவார். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன்.

“உங்க ரத்தத்தச் செத்த கிருமியோட சேத்து வைப்போம். அந்த நோய் உங்களுக்குள்ள இருந்தா, பால் திரிஞ்ச மாதிரி கட்டிகட்டியா ஆவும். வைடால் டெஸ்ட்னு பேரு.”

மறுநாள் திரிந்துவிட்டது. டைபாய்டு. குடல் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது. புது மாத்திரை வந்திருப்பதால் முன்போல் பயமில்லை என்றார். ஆனால் ஒன்றை என் படுக்கையில் உட்கார்ந்து அழுத்திச் சொன்னார்.

“ஒங்க குடல்ல இப்போ புண்ணு. நைஞ்ச வேட்டி மாதிரி இருக்குன்னு வச்சுக்கோங்க. நோய் வந்த நாள்ல இருந்து ரெண்டாவது, மூணாவது வாரம்தான் ஆபத்து. கிழிஞ்சா ஓட்டை. அதனால கெட்டியா எதுவும் திங்கக் கூடாது, எந்திரிச்சு நடக்கக் கூடாது. வயித்துல வலின்னு ஒண்ணு வந்தா அந்த நிமிஷமே சொல்லணும்.”

இதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன்.

ஆண்கள் வார்டில் பத்துப் படுக்கை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, கூவைக்கிழங்குக் கஞ்சி. மழை தகரத்தில் விழும்போது பக்கத்தில் பேசுவது கேட்காது. செல்லம்மாள் நாயுடுபுரத்திலிருந்து இரண்டு வேளையும் நடந்தே வருவாள். ஜீப் இருக்கிறதே என்றால், குலுங்கினால் பார்லித் தண்ணீர் சிந்திவிடும் என்பாள். பிளாஸ்க்கை என் பழைய குரங்குத் தொப்பிக்குள் நுழைத்து, மாராப்புக்குள் வைத்துக் கொண்டுவருவாள். பிளாஸ்க்கைவிட அவள் நெஞ்சுதான் நனைந்திருக்கும்.

பயம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறது, அதில் நமக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது என்னைப் போல் மலையை வெட்டி வாழ்ந்தவனுக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். அதனால் நோட்டைக் கேட்டு வாங்கினேன். நர்ஸ் ஜுரம் பார்க்கும்போதெல்லாம் எத்தனை என்று கேட்டு எழுதினேன். எழுதி முடித்ததும் மூச்சு கொஞ்சம் இலகுவாகும். என் காய்ச்சல் படி ஏறியதைப் போலவே படி இறங்கியது. நூற்றுமூன்று, நூற்றிரண்டரை, நூற்றிரண்டு. நான் சேர்ந்த ஏழாவது நாள் தொண்ணூற்றெட்டுக்கு வந்து நின்றது. டாக்டரம்மா மருந்து என்றார். செல்லம்மாள் முருகன் என்றாள். எனக்கு என்னவோ நானே இறக்கியது போல இருந்தது.

அதற்கு மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துப் படுக்கைக்குக் காதர் ராவுத்தர் வந்தார். பழனிக்காரர். எங்கள் பஜாரில் பூட்டும் அரிக்கேன் லைட்டும் விற்கிற கடை. அவருக்கும் டைபாய்டு. ஆனால் பதினைந்து நாளாகக் காய்ச்சலோடு கடையில் உட்கார்ந்து பூட்டு விற்றிருக்கிறார். ஏன் என்றால், மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள், படுத்தால் வேலை கெடும் என்று நினைத்தார்.

முதல் நாளே அவர் ஜுரத்தையும் என் நோட்டில் ஏற்றினேன்.

“என்னண்ணே, எங் காச்சலும் ஒங்க நோட்டுக்குள்ளயா? அதுக்கு வரி கிரி கட்டணுமா?”

“ராவுத்தரே, நான் சேந்த ஏழாம் நாள் எறங்குச்சு. ஒரே நோயி, ஒரே மாத்திரை. நீங்க வெள்ளிக்கெழம சேந்தீங்க. வார வியாழக்கெழம எறங்கும். எழுதி வச்சுக்கோங்க.”

“நான் எதுக்கு எழுத, நீங்கதான் எழுதிட்டீகளே. இன்ஷா அல்லான்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்கண்ணே.”

“தெர்மாமீட்டருக்கு அதெல்லாம் வேண்டாம்.”

சிரித்தார். நல்ல சிரிப்பு அவருக்கு, தொப்பை குலுங்கும். பக்கத்தில் பழத்தை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆயிஷா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்து, “நெசமா சொல்றீகளாண்ணே? வியாழக்கெழமையா?” என்று கேட்டது. நெசம் என்றேன். அடுத்த வியாழன் குழைந்த சோறு, அதற்கடுத்த வியாழன் பழனிக்குக் கார் ஏறலாம் என்று நாளையும் எண்ணிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஆயிஷா பழனிக்குக் கடிதம் போட்டது. நிக்காஹ் தேதியைத் தள்ளவேண்டாம் என்று.

கிழங்குக்கு நாளை எண்ணுகிறவன், அது என் மண்ணில் விழுந்த நாளிலிருந்து எண்ணுவான். நான் அப்படித்தான் எண்ணினேன். ராவுத்தர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து. நோய் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று டாக்டரம்மா எனக்கே சொல்லியிருந்தார். அப்படி எண்ணியிருந்தால் அவர் நின்ற இடம் மூன்றாவது வாரம்.

வார்டு முழுக்க இது பரவிவிட்டது. கால் முறிந்தவன் ஒருத்தன், எனக்குக் கட்டு என்றைக்குப் பிரிப்பார்கள் என்று என்னைக் கேட்டான். ராவுத்தர் தினமும் காலையில், “நாலு நாளுதானண்ணே?” “மூணுதான?” என்பார். காய்ச்சல் மட்டும் நூற்றிரண்டிலும் மூன்றிலும் அசையாமல் நின்றது. நான் கலங்கவில்லை. வியாழக்கிழமை இருக்கிறதே.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா வந்து அவரிடம் கேட்டார்.

“வயிறு எப்படி இருக்கு? வலி உண்டா?”

ராவுத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். “சொகமா இருக்குங்கம்மா. ஒண்ணுமில்ல.”

டாக்டரம்மாவை அவசரப் பிரசவம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். வெரசாகப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் ஜுரம் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. நான்கு மணி நேரம் முன்னால் நூற்றிரண்டு. நான் எழுந்து நிற்கக் கூடாது என்ற உத்தரவை மீறி இறங்கிப் போய் ராவுத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கை ஈரமாக இருந்தது. வியர்வையோடு ஜுரம் விட்டிருக்கிறது என்று நினைத்தேன். “பழனிக்குத் தந்தி குடுங்க” என்று ஆயிஷாவை அனுப்பினேன். அது அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே தபாலாபீசுக்கு ஓடியது. நோட்டில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

என் காய்ச்சல் ஏழு நாளில் படிப்படியாக இறங்கியது. அவருடையது நான்கு மணி நேரத்தில் விழுந்தது. படியில் இறங்குகிறவனும் பாறையிலிருந்து விழுகிறவனும் ஒரே பள்ளத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். மலையில் வாழ்கிற எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு சூசையம்மாள் படுக்கைத் துணி மாற்ற வந்தார். ராவுத்தர் முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சூசையம்மாள் வழக்கம்போல் பாதத்தைத் தொட்டார். துணியை வயிற்றுப் பக்கம் இழுத்தபோது ராவுத்தர் கையால் தடுத்தார். சூசையம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முதலாளி, இவக மொகம் சரியில்ல.”

“ஜுரம் விட்டுருச்சு சூசையம்மா. தொண்ணூத்தெட்டு. அசதி.”

“விட்ட மொகம் இல்லீங்க இது. மூக்கு கூராயிருச்சு. காலு பாற மாதிரி சில்லுன்னு கெடக்கு. நாடி ஓடுதுங்க.”

“ஓடாம நிக்குமா? எத்தன ஓடுது?”

“எண்ணத் தெரியாதுங்க. ஓடுதுங்க. பயந்த ஆட்டுக்குட்டி கணக்கா ஓடுது.”

“எத்தனன்னு சொல்லு. ஆட்டுக்குட்டிய நோட்டுல எழுத முடியாது.”

வார்டு சிரித்தது. கால் முறிந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. என்ன என்று என்னைத்தான் கேட்டார், சூசையம்மாளை இல்லை. நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். மறுபடியும் ஜுரம் பார்த்தார். தொண்ணூற்றேழு. “இன்னும் நல்லாவே எறங்கிருக்கு” என்றேன். நர்ஸ் போய்விட்டார். சூசையம்மாள் மட்டும் மணிக்கட்டை விடாமல் நின்றார்.

“டாக்டரம்மாவக் கூப்புடணும் முதலாளி. நீங்க ஒரு வார்த்த சொன்னா நர்ஸம்மா போவாங்க.”

“காச்ச இல்லாத ஆளுக்கு டாக்டரா? தரையத் தொடைக்கிற சோலியப் பாரும்மா.”

இதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

என் தலையணைக்கு அடியில் கடிகாரம் இருந்தது. கையை நீட்டினால் ராவுத்தர் மணிக்கட்டு எட்டும் தூரம். எண்ணத் தெரிந்தவன் நான். எண்ணவில்லை. நாடிக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

நான்கு மணிக்கு, யாரும் போகக் கூடாத பிரசவ அறைக் கதவைப் போய்த் தட்டியது சூசையம்மாள்தான். டாக்டரம்மா கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடிவந்தார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நூற்றுநாற்பது. வயிற்றில் கை வைத்தார். நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது, அது பலகை மாதிரி இறுகியிருந்தது. குடலில் ஓட்டை. ஓட்டை விழுந்தால் உடம்பு உள்ளுக்குள் குலைந்துபோய் ஜுரம் சட்டென்று விழும், நாடி மட்டும் ஏறும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“எப்ப இருந்து வலி?”

“விடிஞ்சதுல இருந்துங்கம்மா.”

“காலையில கேட்டேனே. ஏன் சொல்லல?”

ராவுத்தருக்கு வாய் உலர்ந்திருந்தது. என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“அண்ணன் கணக்குப் போட்டு வச்சிருந்தாக. இன்னிக்குப் போய் வலின்னு சொன்னா நல்லாருக்காதேன்னு...”

பெரிய ஆபரேஷனுக்கு மதுரைக்குத்தான் போகவேண்டும். என் ஜீப்பைக் கொடுத்தேன். பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டு, டாக்டரம்மா கூடவே ஏறினார். தந்தி கொடுத்து, வீட்டுக்கும் போய்விட்டு வந்த ஆயிஷா, வாசலில் ஜீப் கிளம்புவதைப் பார்த்து ஓடிவந்து தொற்றிக்கொண்டது. மதுரையில் வயிற்றைத் திறந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ராவுத்தர் இறந்துபோனார்.

திரும்பி வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரெண்டு மணிக்கே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று.

“பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்.”

“பாதிக்குப் பாதியா? இல்ல...”

“அதுக்கு உங்களுக்கு ஒரு நம்பர் வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று இருந்திருப்பேன். அடுத்தது தெரிந்து செய்தது.

ஆயிஷாவின் அண்ணன் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டார், பன்னிரண்டு மணிக்கு ஜுரம் விழுந்தது, நான்கு மணிக்கு டாக்டர் வந்தார், நடுவில் என்ன செய்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. நான் வீடு திரும்புகிற நாள் அது. எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். சூசையம்மாள் சுவரோரம் நின்றார். சொல்ல வேண்டியதை ஆயா சரியாகச் சொல்லவில்லை என்றார் நர்ஸ். இரண்டு மணிக்கே சொன்னேன் என்றார் சூசையம்மாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்க பக்கத்துப் படுக்கை. எல்லாத்தையும் மணிப்படி எழுதி வச்சிருக்கீங்களாம்.”

நோட்டைக் கொடுத்தேன். கையெழுத்தைப் பாராட்டினார். பன்னிரண்டு மணி, தொண்ணூற்றெட்டு. இரண்டு மணி, தொண்ணூற்றேழு. நான்கு மணி, டாக்டர் வருகை.

“இந்தம்மா ரெண்டு மணிக்குச் சொன்னதா இதுல இல்லையே. சொன்னாங்களா?”

சூசையம்மாள் என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை. இவர் சொல்லிவிடுவார் என்ற நிம்மதி இருந்தது.

“நோட்டுல இல்லீங்க” என்றேன்.

நோட்டில் இல்லை என்பது உண்மை. எண் இல்லாததை நான் எழுதுவதில்லை. மூக்கு கூரானதற்கும் கால் சில்லிட்டதற்கும் ஆட்டுக்குட்டிக்கும் அதில் இடம் கிடையாது. அந்த நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. அதை வைத்து நான் சொன்னது முழுப் பொய்.

“முதலாளி, நீங்கதான எத்தனன்னு கேட்டீங்க?” என்றார் சூசையம்மாள்.

நான் டீயைக் குடித்தேன்.

கவனக்குறைவு என்று ரிஜிஸ்டரில் எழுதி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அன்று ஜீப்பில் செல்லம்மாளோடு வீடு திரும்பினேன். சூசையம்மாள் இரண்டு மணிக்குச் சொன்னதை வார்டே கேட்டிருக்கிறது, கால் முறிந்தவன் செல்லம்மாளிடம் சொல்லியிருக்கிறான். வீட்டு வாசலில் இறங்கும்போது திரும்பினாள். “ஒங்க காலத் தொட்டுப் பாத்துக் கம்பளி போத்துனவ அவ” என்றாள். அவ்வளவுதான்.

நிக்காஹ் தள்ளிப்போய் மாசிக்கு மேல் பழனியில் நடந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஜீப் கொடுத்த பெரியவர் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினார்கள். என் இலையில் எல்லாருக்கும் முன்னால் பிரியாணி விழுந்தது. கிளம்பும்போது ஆயிஷா கதவோரம் வந்து நின்றது.

“ஜீப்புல போகும்போது ஒங்களப் பத்தித்தான் பேசுனாகண்ணே. ‘அண்ணன் கணக்குத் தப்பல, வியாழக்கெழம எறங்கிருச்சு பாத்தியா, அவருகிட்டச் சொல்லிரு’ன்னாக. சொல்ல இன்னிக்குத்தான் வாச்சுச்சு.”

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொன்னது அது.

நான் கணக்கைக் குறை சொல்லவில்லை. கம்பத்தில் குழாய் இன்றும் தொங்குகிறது. இன்றும் பனி சொன்னபடி விழுகிறது. ஆனால் நாளைக்குப் பனி விழும் என்று நான் சொல்வது கிழங்குச் செடிக்குக் கேட்காது. என் பேச்சு பொய்த்துவிடுமே என்று எந்தச் செடியும் கருகலை மறைத்துக்கொண்டு நிற்காது. மனுஷன் நிற்பான். ராவுத்தர் நின்றார். அவர் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் வாயை அடைத்தேன். குழாயின் குற்றம் இல்லை இது. பாத்தியில் சரியாக இருந்ததைப் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். பார்த்தே தெரிந்துகொண்ட ஒருத்தியிடம், எண் கொடு, இல்லாவிட்டால் உனக்குத் தெரியாது என்று சொன்னவனும் நான்.

சூசையம்மாள் எங்கே என்று விசாரிக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுரலை நிறுத்தாமலே பேசினார்.

“மலையில நல்ல மழையாங்க?”

“மழைதான். சூசையம்மா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீங்க ரெண்டு மணிக்கே சொன்னீங்க.”

“அது எனக்குத் தெரியுங்களே. என்கிட்ட எதுக்குச் சொல்லுறீங்க? சொல்லவேண்டிய எடத்துல சொல்லுங்க.”

மாவை வழித்துவிட்டு அடுத்த ஈட்டைப் போட்டார். வழியை மறிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார், பஸ் வந்து சாப்பிட ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகையால் சொல்லவேண்டிய இடத்துக்கு இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு ஒரு பிரதி, பழனியில் ஆயிஷா வீட்டுக்கு ஒரு பிரதி, பஜாரில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பிரதி. என் வேலையை இன்னொருத்தர் பெயரில் எழுதவிட்டு நான் சும்மா இருந்ததே கிடையாது. பாத்திச் சுவரைத் தான் கட்டியதாகச் சொன்னவனோடு பஞ்சாயத்து வரை போனவன் நான். உங்கள் ரிஜிஸ்டரில் சூசையம்மாளுக்கு நேராகக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதற்கு ஒரு துரும்பும் செய்யவில்லை. அந்த இரண்டு மணி நேரம் முழுக்க என் கைவேலை. அவர் பெயரை அடித்துவிட்டு, அந்த வரியில் வே. பொன்னையா, நாயுடுபுரம் என்று எழுதுங்கள். பென்சிலில் வேண்டாம், மையில் எழுதுங்கள். எழுதினீர்களா என்று பார்க்க நானே வருவேன்.